ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை

"ஏறவும் இல்ல, இறங்கவும் இல்ல," என்றார் டாக்டர், ரத்தப் பரிசோதனை முடிவைப் பார்த்தபடி.

அவள் நாற்காலியின் நுனிக்கு வந்தாள்.

"நல்லதுங்களா, கெட்டதுங்களா?"

"நல்லதுதான், கலாமணி."

பக்கத்தில் அவள் கணவன் மயில்சாமி, மருதமலை இருக்கும் திசையை உத்தேசமாகக் கண்டுபிடித்துக் கும்பிட்டான்.

அவளுக்கு எரிச்சலாக வந்தது.

பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவர்களுக்கென்று போன வருடம் ஒரு மருத்துவ முகாம் நடந்தது. அங்கேதான் ஆரம்பித்தது எல்லாம். ரத்தத்தில் ஏதோ ஒரு புரதம் கூடுதலாக இருக்கிறதாம். புற்றுநோய் இல்லை. ஆனால் பின்னால் அப்படி மாறலாம். மாறாமலிருக்க இப்போதே மாத்திரை.

அதுவரை அவளுக்கு ஒரு தலைவலிகூடக் கிடையாது.

நோய் அவளை ஒன்றும் செய்யவில்லை. மாத்திரைதான் செய்தது. சோறு கசந்தது. விரல் நுனிகள் மரத்துப்போயின. பகலிலேயே கண்ணைச் சுழற்றியது.

தான் ஓட்டிவந்த வேனை மயில்சாமியிடம் கொடுக்க வேண்டியதாயிற்று. அவன் ஒவ்வொரு வேகத்தடையிலும் வண்டியை நிறுத்தியே விட்டான். பிள்ளைகள் தினமும் பிரேயருக்குப் பிந்தினார்கள். பக்கத்து சீட்டில் அவள் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"மாத்திரையாலதான் ஏறலீங்களா? இல்ல, போடாம இருந்திருந்தாலும் ஏறாதுங்களா?"

டாக்டருக்குப் பொய் சொல்ல வராது போலிருந்தது.

"நிறுத்திப் பார்த்தாத்தான் தெரியும்மா."

"பார்க்கலாமுங்களா?"

"அத நீங்கதான் சொல்லணும். ஏறிருச்சுன்னா, திரும்ப இந்த நிலைமைக்குக் கொண்டுவர முடியும்னு என்னால உறுதியா சொல்ல முடியாது."

யாரையாவது பிடித்துக் கத்த வேண்டும் போலிருந்தது.

யாரை என்றுதான் தெரியவில்லை.

கீழே மருந்துக் கடையில் இருந்த பெண் சீட்டை வாங்கிப் பார்த்தாள்.

"எத்தனை மாசத்துக்குங்கக்கா?"

கலாமணி மயில்சாமி பக்கம் திரும்பினாள்.

எதற்கும் முந்திக்கொண்டு பதில் சொல்கிற மனுஷன், இன்றைக்கு வாயே திறக்கவில்லை. கண்ணாடிக்குள் அடுக்கியிருந்த சோப்புகளையே பார்த்துக்கொண்டு நின்றான்.

உதடுகள் மட்டும் ஏதோ வேண்டுதலில் அசைந்தன.

"மூணு மாசத்துக்குக் குடு," என்றாள், கோபம் கொஞ்சமும் குறையாமல்.