தலைகீழ் யானை

"அந்தப் பையை உங்கம்மாகிட்டேருந்து எப்படியாவது வாங்கிடுங்கோ. இல்லேன்னா நானே ஒருநாள் கிழிச்சுப் போட்டுடுவேன்."

பத்ரி காபியை ஒரு வாய் உறிஞ்சினான். "நீ தெச்சுக் குடுத்த பைதானே?"

"அதனாலதான் சொல்றேன்" என்றாள் ஸ்ரீஜா.

போன வருஷம் மாமியாரின் அறுபதாவது பிறந்தநாளுக்கு அவள் ஆசையாகத் தைத்துக் கொடுத்த பை அது. நீலத் துணியில் வரிசையாக யானைகள். குரோஷா ஊசிக்கு ஓர் அறை, நூல்கண்டுக்கு ஓர் அறை, பாதி பின்னிய வேலைக்குப் பெரியதாக ஓர் அறை. தோள் வலிக்கக் கூடாது என்று கைப்பிடிக்குள் பஞ்சுகூட வைத்திருந்தாள். யூடியூபைப் பார்த்துப் பார்த்து மூன்று வாரம் மிஷினோடு மல்லுக்கட்டினாள்.

எல்லாம் சரிதான். ஒரே துணியை அடியில் மடித்துத் தைத்தால் ஒரு பக்கத்து யானைகள் தலைகீழாக நிற்கும் என்பது மட்டும் தைத்து முடித்த பிறகுதான் தெரிந்தது. பிரித்துத் தைக்க நேரமில்லை. மறுநாள் பிறந்தநாள்.

பாகீரதி மாமி பையை இந்தப் பக்கம், அந்தப் பக்கம் திருப்பிப் பார்த்தாள். "நன்னா கெட்டியா இருக்கு" என்றாள். யானையைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

பேசியிருந்தால்கூடத் தேவலை. கோச்சடையில் அவர்கள் அபார்ட்மென்டின் கீழ் ஹாலில் செவ்வாய்தோறும் கூடிப் பின்னுகிற பெண்களுக்கு மாமி என்றால் சிம்ம சொப்பனம். ஒரு கண்ணி தப்பியிருந்தாலும், "பிரிச்சுடு" என்று முகத்துக்கு நேராகச் சொல்லிவிடுவாள். அப்படிப்பட்டவள் இந்தக் கோணல் பையை ஒரு வருஷமாகத் தோளைவிட்டு இறக்கவில்லை. அதுவும் எப்படி? நேராக நிற்கும் யானைகளை இடுப்போடு அணைத்துக்கொண்டு, தலைகீழ் யானைகளை ஊர் பார்க்க வெளியே விட்டுக்கொண்டு.

"வேணும்னே பண்றா. என் மானத்தைத் தோள்ல மாட்டிண்டு ஊர்வலம் போறா."

"நீயே கேட்டுடேன்" என்று சொல்லிவிட்டு பத்ரி ஆபீசுக்குக் கிளம்பிவிட்டான். அம்மாவுக்கும் மனைவிக்கும் நடுவில் நிற்க அவனுக்கு என்ன தலையெழுத்தா?

மறுநாள் திருமங்கலத்தில் கைவேலைக் கண்காட்சி. எத்தனையோ பேர் வருவார்கள். ஸ்ரீஜா மாசி வீதிவரை போய், மாமியாருக்குப் பிடித்த அரக்கு நிறத்தில் புதுப் பை ஒன்று வாங்கி வந்தாள்.

"நாளைக்கு இதை எடுத்துண்டு போங்கோம்மா."

மாமி புதுப் பையைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. பழையதை மடிக்கு இழுத்து அதிலிருந்து நூலை எடுத்தாள். "இதுக்கென்ன கேடு? கிழிஞ்சா பார்த்துக்கலாம்."

அவ்வளவுதான், ஸ்ரீஜாவுக்குப் பொங்கிவிட்டது.

"நான் தப்பாத் தெச்சுட்டேன், சரி. எனக்குத் தைக்கத் தெரியலேன்னு என்கிட்டயே சொல்லியிருக்கலாமே. எதுக்கு ஊரைக் கூட்டிக் காட்டறேள்?"

மாமி நிமிர்ந்து பார்த்தாள். ஏதோ சொல்ல வந்தாள். அதற்குள் காலிங்பெல் அடித்தது.

இரண்டாவது மாடி ரங்கநாயகி. மாமியோடு பின்னுகிற கூட்டத்தில் ஒருத்தி.

"ஸ்ரீஜா, உன்னையத்தான் பாக்க வந்தேன். எங்க செட்டுல ஆறு பேருக்கு மாமி வெச்சிருக்கற மாதிரியே பை வேணுமாம். தெச்சுத் தருவியா?"

கேலி செய்கிறாளோ என்று ஸ்ரீஜாவுக்குச் சந்தேகம். "அதுல ஒரு பக்கம் யானையெல்லாம் தலைகீழா..."

"அந்தத் தலைகீழ்தாம்மா வேணும். எங்க பையெல்லாம் ஊருக்குத்தான் அழகு. மடியில வெச்சுக் குனிஞ்சு பாத்தா எங்களுக்குப் படமெல்லாம் கவுந்து கெடக்கு. மாமிக்கு மட்டும் யானை நேரா நிக்குது. பை வெச்சிருக்கறவ கண்ணுக்கு நேராத் தெரியணும்னு எம்மருமக யோசிச்சுத் தெச்சிருக்கான்னு, ஒரு வருசமா அம்புட்டுப் பேருகிட்டயும் மாமி சொல்லிக்கிட்டு இருக்காங்க. எனக்கும் ஒரு மருமக இருக்காளே, பட்டன் அந்துபோனாக்கூட என்கிட்டதான் நீட்டுவா."

ஸ்ரீஜாவுக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. ஒரு பக்கம் வெட்கம், ஒரு பக்கம் அழுகை, இரண்டையும் மீறி ஒரு சந்தோஷம். மெல்ல மாமியார் பக்கம் திரும்பினாள்.

"அம்மா, நான் வந்து..."

மாமி கண்ணி எண்ணுவதை நிறுத்தவில்லை.

"ஆறு பேருக்கும் தெச்சுக் குடு ஸ்ரீஜா. ஆனா ரெண்டு பக்கமும் நேரா இருக்கட்டும். தலைகீழ் யானை எனக்கு மட்டும்தான்."