எஸ்ராவின் கதவு

ஒஹையோ ஆற்றங்கரைக் காட்டுக்கு நான்தான் முதல் ஆள் என்று மார்தட்டிக்கொண்ட எஸ்ரா, அங்கே இருந்தவர்களைத் துப்பாக்கி காட்டி விரட்டிவிட்டு, வீட்டைக் கட்டுமுன்பே கதவைச் செய்தான். பனி கொட்டிய ஒரு நாள், விரட்டப்பட்டவர்களில் ஒருத்தி பிள்ளையோடு வந்து அந்தக் கதவைத் தட்டினாள்.

“கைப்புள்ளக்காரிங்க, திறந்துவிடுங்களேன்” என்று கெஞ்சினாள் அவன் மனைவி அபிகாயில்.

“தாழ்ப்பாளைத் தொட்டே, கையை ஒடிச்சிடுவேன்.”

தட்டும் சத்தம் மெல்ல மெல்ல ஓய்ந்தது.

அடுத்த பனிக்காலத்தில் காய்ச்சல் எஸ்ராவைக் கொண்டுபோனது. அபிகாயில் அந்தக் கதவையே கழற்றி, தாழ்ப்பாள் மேலே இருக்கும்படி குழிக்குள் அவன்மேல் வைத்து மூடினாள். தாழ்ப்பாளை இழுத்துப் போட்டாள்.

“இப்ப நீ தட்டுடா” என்றாள்.

உடனே மண்ணைத் தள்ளவில்லை. மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு, காதைத் தீட்டியபடி நின்றாள்.