மூச்சு வீணாகும்

“காலு சுளுக்கிக்கிச்சும்மா” என்று நொண்டிக்கொண்டே வந்தார் சாமுவேல். ராத்திரி ஷிஃப்ட் முடிந்தும் வீடு போக முடியாத நர்ஸ் நதியா, படிவத்தில் தொழில் என்ற இடத்தில் அவர் சொன்னபடியே ‘கூலி’ என்று எழுதினாள். வழக்கம்போல விரலில் ஆக்சிஜன் கிளிப்பை மாட்டினாள்.

எண்பத்திரண்டு.

டாக்டர் ஓடிவந்தார். “நகமெல்லாம் நீலம் பாரிச்சிருக்குது! உடனே அட்மிஷன் போடுங்க.”

“சார், அது வந்து...”

“பேசாதீங்க, மூச்சு வீணாகும்!” மாஸ்க் அவர் வாயை மூடிக்கொண்டது.

ஈசிஜி, எக்ஸ்ரே, எக்கோ, ஸ்கேன் என்று ஸ்ட்ரெச்சரைத் தள்ளித் தள்ளியே நதியாவின் இடுப்பு ஒடிந்துபோனது. எல்லாமே நார்மல். அதை நம்பாத டாக்டர், ரத்தத்தை மட்டும் மூன்று முறை எடுக்கவைத்தார். கிளிப்போ எண்பத்திரண்டை விட்டு அசையவில்லை.

சாயங்காலம் தரை துடைக்க வந்த வடிவு, கட்டிலைப் பார்த்ததும் நின்றாள்.

“இன்னாண்ணா, இங்க வந்து படுத்துக்கினு இருக்கே?” என்றவள் நதியாவிடம் திரும்பினாள். “எங்க தெருதாம்மா. பட்டு நூலுக்குச் சாயம் போடுறவரு. ஏண்ணா, இந்த வாரம் நீலமா?”

மாஸ்க்கோடு சாமுவேலின் தலை ‘ஆமாம்’ என்று வேகவேகமாக ஆடியது.

நதியா கிளிப்பைக் கழற்றி, அவர் கால் கட்டைவிரலில் மாட்டினாள். தொண்ணூற்றெட்டு.

குனிந்து பார்த்த டாக்டரின் முகம் மாறியது.

“கால் இவ்ளோ வீங்கியிருக்குதே! இதை ஏன் யாரும் முதல்லயே சொல்லல?”