வெண்டெல் கொண்டுவந்த துப்பாக்கி

வெண்டெலின் பைக் பெட்டிக்குள் துப்பாக்கி இருப்பதை, வயோமிங் மாநிலத்தில் பெட்ரோல் போட நின்ற இடத்தில்தான் லோரன் பார்த்தார்.

மழைக்கோட்டை எடுக்கப் பெட்டியைத் திறந்திருந்தார் வெண்டெல். உள்ளே எதையோ பச்சைத் துண்டில் சுற்றி வைத்திருந்தார். துண்டின் ஓரம் விலகி, குழலின் நுனி மட்டும் வெளியே தெரிந்தது. வெண்டெல் சட்டென்று மூடியைச் சாத்திப் பூட்டினார்.

"அது எதுக்கு?"

"கரடிக்கு."

"அந்தச் சின்னதால சுட்டா கரடிக்குக் கோவம்தான் வரும்."

வெண்டெல் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டார்.

லோரனுக்கு ஒன்றும் புரியவில்லை. நாற்பது வருடப் பழக்கம். நெப்ராஸ்காவில் அவர்கள் ஊரில் வேட்டைக்குப் போகாத ஒரே ஆம்பிளை வெண்டெல்தான். பள்ளிக்கூட பஸ்களைப் பழுது பார்த்தே ஓய்வு பெற்றவர். மான் வேட்டை ஆரம்பித்தால், அந்தச் சத்தமே தனக்கு ஆகாது என்று கதவைச் சாத்திக்கொள்கிற ரகம்.

இந்தப் பயணமே அவருடைய பிடிவாதம்தான். கனடா வழியாக அலாஸ்கா, இரண்டு பைக், ஐந்து வாரம். தன் மனைவி டோரீன் இறந்து மூன்று மாதம்கூட ஆகவில்லை, அவள் இருந்த வீட்டை விட்டு எங்கேயும் வருவதாக இல்லை என்று லோரன் எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். வெண்டெல் கேட்கவில்லை.

மறுநாள் சாப்பிடும்போது லோரன் திரும்பவும் கேட்டார். இந்தத் தடவை, வழிப்பறிக்காரர்களுக்காக என்று பதில் வந்தது.

"நேத்து கரடின்னே."

"ரெண்டுக்கும்தான்."

சொல்லிவிட்டு, ஜன்னல் வழியாகத் தன் பைக்கையே பார்த்தபடி பாதித் தட்டைத் தள்ளி வைத்தார் வெண்டெல். அந்தப் பைக்கை அவர் கண்ணுக்கு மறைவாக எங்கேயும் நிறுத்துவதில்லை. சாவியைச் சட்டைப்பையில் போட்டுப் பொத்தானையும் மாட்டிக்கொள்வார். விடுதியில் தங்கினால் பெட்டியைக் கழற்றித் தன் அறைக்கே தூக்கிக்கொண்டு போய்விடுவார். பைக் குலுங்குகிற இடமெல்லாம் மெதுவாக, ஏதோ முட்டைக்கூடையை ஏற்றிவந்தவர்போல ஓட்டினார்.

முதலில் லோரனுக்கு எரிச்சலாக இருந்தது. வயதான காலத்தில் பயம் பிடித்துக்கொண்டது, அதை ஒத்துக்கொள்ளக் கூச்சப்படுகிறான் என்று நினைத்தார். மொண்டானாவுக்குள் நுழைந்தபிறகு வேறொரு சந்தேகம் வந்தது. தனியாக வாழ்கிற மனிதன். சரியாகச் சாப்பிடுவதில்லை. முகத்தில் தூக்கமே இல்லை. துப்பாக்கியே பிடிக்காதவன் ஒன்றை ஒளித்து எடுத்து வருகிறான் என்றால்?

அந்த எண்ணம் எங்கே கொண்டுபோய் விடும் என்று லோரனுக்கு நன்றாகவே தெரியும். அன்று மதியம் ஓரமாக வண்டியை நிறுத்தச் சொன்னார்.

"வெண்டெல், மனசுல எதையாவது வச்சுக்கிட்டிருக்கியா? எங்கிட்டச் சொல்லு."

"நானா?" என்றார் வெண்டெல். லோரனை வெகுநேரம் பார்த்தார். "எனக்கு ஒண்ணுமில்லப்பா."

ஐந்தாம் நாள் காலை, எல்லைக்கு முந்தின ஊருக்கு வந்துவிட்டார்கள். இனிமேலும் சும்மா இருக்க லோரனால் முடியவில்லை. கனடாவுக்குள் கைத்துப்பாக்கி கொண்டுபோக முடியாது, சோதனையில் பிடித்தால் இரண்டு பேரும் மாட்டிக்கொள்வோம் என்று சொன்னார்.

"தெரியும்," என்றார் வெண்டெல்.

"தெரிஞ்சுமா இவ்வளவு தூரம் தூக்கிட்டு வந்தே?"

வெண்டெல் ஒரு துப்பாக்கிக் கடை முன்னால் வண்டியை நிறுத்தினார். அலாஸ்காவுக்குப் போகிறவர்கள் தங்கள் துப்பாக்கியை விட்டுவிட்டுப் போகிற கடை. லோரனை வெளியிலேயே இருக்கச் சொல்லிவிட்டு, துண்டுப் பொட்டலத்தோடு உள்ளே போனார். லோரன் இருக்கவில்லை. பின்னாலேயே போனார்.

கொதிக்கிற பாத்திரத்தை இறக்குவதுபோல வெண்டெல் அதை மேஜைமேல் வைத்தார். குண்டு போட்டிருக்கிறதா என்று கேட்டாள் கடைக்காரப் பெண். தெரியாது என்றார். அவள் அவரை ஒரு மாதிரி பார்த்துவிட்டுத் துண்டை விலக்கி, ஆறு குண்டுகளையும் எடுத்து வெளியே வைத்தாள். ஒரு படிவத்தை நகர்த்தினாள்.

"உங்களோடதுதானே?"

"இல்லம்மா."

"அப்ப சொந்தக்காரர்தான் கையெழுத்துப் போடணும்."

வெண்டெல் பேனாவை எடுத்தார். கொஞ்சநேரம் கையிலேயே வைத்திருந்தார். பிறகு திரும்பி அதை லோரனிடம் நீட்டினார்.

அப்போதுதான் லோரன் மேஜையைச் சரியாகப் பார்த்தார். கைப்பிடியில் கறுப்பு டேப் சுற்றிய ரிவால்வர். லோரனின் கட்டிலருகே இழுப்பறையில் இருக்கவேண்டியது. டோரீன் போனபிறகு எத்தனை தடவை அதை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார் என்பது தனக்கு மட்டுமே தெரியும் என்று நினைத்திருந்தார்.

"உன் மக கார்லா ஒருநாள் பாத்துட்டாளாம்," என்றார் வெண்டெல், தரையைப் பார்த்தபடி. "அப்பாகிட்டக் கேக்கவே பயமா இருக்குன்னு போன்ல அழுதா. கிளம்புற அன்னிக்கு எடுத்துட்டேன். எடுத்தப்புறம் எங்க வைக்கறதுன்னு தெரியல. உன்னையும் அதையும் ஒரே வீட்டுல விடக்கூடாதுன்னு மட்டும்தான் தெரிஞ்சுது."

லோரன் பேனாவை வாங்கினார். கோணல்மாணலாகக் கையெழுத்துப் போட்டார்.

"எப்ப வந்து எடுத்துக்குவீங்க?" என்று கேட்டாள் அந்தப் பெண்.

லோரன் வெண்டெலைப் பார்த்தார். பிறகு அவளிடம் கேட்டார்.

"நீங்க பழைய துப்பாக்கியை விலைக்கு வாங்குவீங்களா?"