கதவில் ஒட்டிய மாதா

"ஐயா, நீங்க இரட்சிக்கப்பட்டீங்களா?"

விடிந்ததிலிருந்து கதவைத் தட்டிய மூன்றாவது பிரசங்கக் கூட்டம் இது. எவாரிஸ்தோ கதவை அறைந்து சாத்தினார். "சனிக்கிழமையாச்சும் பீன்ஸும் தொர்த்தியா ரொட்டியும் நிம்மதியா தின்ன விடமாட்டானுங்களா? அவனவன் நம்பிக்கை அவனவனுக்கு!"

மாதா கோயில் வாசலில் வாங்கிவந்த, மாதா படம் போட்ட ஸ்டிக்கரைக் கதவில் ஒட்டினார்: 'இது கத்தோலிக்க வீடு. மற்ற சபையார் தட்ட வேண்டாம்.'

"இதைப் போய் நம்ம வீட்டுலயாங்க?" மனைவி ஹசிந்தா வாயைப் பொத்திக்கொண்டாள்.

அதன்பிறகு ஒருவரும் தட்டவில்லை. வயிறாரச் சாப்பிட்ட எவாரிஸ்தோ, டை கட்டிக்கொண்டு, பைபிளையும் தன் சுவிசேஷ சபையின் துண்டுப் பிரசுரக் கட்டையும் கையில் எடுத்தார்.

"கிளம்பு, ஊழியத்துக்கு நேரமாச்சு. இன்னிக்குப் பின்தெரு."

"அங்க எல்லாக் கதவுலயும் இதே ஸ்டிக்கர் இருக்கேங்க!"

"இருந்தா என்ன? ஸ்டிக்கருக்கெல்லாம் பயந்தா ஆத்துமாக்களை எப்படி மீட்கிறது?"