மாடலைக் கெடுத்த ஆள்

மாலை வகுப்பில் என்னோடு படிக்கும் ஒருத்திக்கு நாங்கள் வைத்த பெயர் ‘கச்சிதம்’. அவள் போடும் புள்ளியியல் மாடல் எதுவானாலும் தரவோடு கச்சிதமாகப் பொருந்தும். என்னுடையது பொருந்தாது. அவளுடைய கணினித் திரையை நான் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரியும்.

இந்த முறை, வகுப்பே பெயர் போடாமல் நிரப்பிய பொறாமைக் கேள்வித்தாளின் பதில்களுக்கு மாடல் போட வேண்டும். நன்றாகப் போடுபவருக்கு ஆய்வுக்கூடத்தில் வேலை.

“ஒரே ஒரு ஆள்தான் சார் கெடுக்குது,” என்றேன். “சின்னச் சின்னப் பொறாமைக்கெல்லாம் ‘இல்லை’. ‘ஒருவர் தோற்றால்தான் எனக்குத் தூக்கம் வரும்’ங்கிற கேள்விக்கு மட்டும் ‘ஆமாம்’. இப்படியும் யாராவது இருப்பாங்களா?”

“கை தவறி டிக் பண்ணியிருக்கும். அந்த ஆளோட பதிலையே தூக்கிடு,” என்றாள் கச்சிதம். “நான் தூக்கிட்டேன்.”

என்னைக் கவிழ்க்கப் பார்க்கிறாளோ?

“காரணம் தெரியாம தூக்க மாட்டேன்.”

“அதுதான் சரி,” என்று சொல்லிவிட்டு சார் வெளியே போனார்.

அவள் நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டாள். “தூக்கிடுடி. அது நான்தான்.”

“யார் மேல அப்படி?”

“உன் மேலதான். உன் மாடல் தப்பா வர்றதால சார் எப்பவும் உன்கிட்டயே நின்னு பேசுறார். நீயும் என் திரையைத்தான் பார்க்கிறே. என்னைக்காவது என் முகத்தைப் பார்த்திருக்கியா?”