முற்றத்து வள்ளம்
மகனைக் கடல் கொண்டுபோன வருடம், சூசை அவனுடைய பைபர் வள்ளத்தை வீட்டு முற்றத்துக்குக் கொண்டுவந்தார். "இனி நீங்களும் போவ வேண்டாம்" என்றாள் மனைவி பிலோமினாள். முற்றத்தைச் சுற்றிச் சுவர் எழுப்பி, ஆள் நுழையும் அகலத்துக்கு மட்டும் கதவு வைத்தார். ஆனாலும் வருடந்தோறும் கரையில் மற்றவர்கள் வர்ணம் பூசும்போது, இவரும் வள்ளத்தைத் தேய்த்து, விரிசலுக்கு ரெசின் அப்பி, நீலம் அடித்தார். "வெளிய போவாத வள்ளத்துக்கு எதுக்குவே பெயிண்டு?" என்று தெருவே கேட்டது. இந்த வருடமும் அடித்துவிட்டுப் பிரஷ்ஷை மண்ணெண்ணெயில் கழுவி வைத்தார். மறுநாள் காலையில் பிலோமினாள் வள்ளத்தைத் தொட்டு, விரலைப் பார்த்தாள். நீலம் ஒட்டவில்லை. "காஞ்சிட்டு" என்றாள். பிறகு உள்ளே போய்க் கடப்பாரையை எடுத்துவந்து சுவரில் சாத்தினாள். "சாப்ட்டுட்டு இடிங்க."